கவ்வாத்தும் கலத்தின் கத்தியும்

ராகலை மலைச்சரிவிலே கவ்வாத்துக் காலத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். நேற்றுவரை கொழுந்து விட்டுச் செழித்திருந்த மலை, இன்று மொட்டைத் தூர்களாய் நிற்கிறது. வெட்டிய மிலாறுகளைக் கட்டி, லயத்து அடுப்புக்குத் தலைச்சுமையாகக் கொண்டு போகிறார்கள் பெண்கள். ஊருக்குப் புதியவர் ஒருவர் வந்தால், "ஐயோ, இத்தனை செடியையும் அழித்துவிட்டார்களே!" என்று அங்கலாய்ப்பார். மலையில் பிறந்தவனோ சிரிப்பான். வெட்டாத தேயிலை மரமாகிவிடும் என்பதை அவன் அறிவான். வெட்டுகிற இடம் தவறினால் தூரே பட்டுப்போகும் என்பதையும் அறிவான்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் இத்தகைய கவ்வாத்து ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று கூறுகிறது விஞ்ஞானம்.

கலத்தின் கருவிலே டி.என்.ஏ. என்னும் மூலச்சுவடி இருக்கிறது. அதில் வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்து வெளியே கொண்டு செல்லும் ஓலைதான் ஆர்.என்.ஏ. அந்த ஓலையின் கட்டளைப்படியே புரதங்கள் உருவாகின்றன. வேலை முடிந்த பின்னும் ஓலை அழியாதிருந்தால் என்னாகும்? நேற்றைய கட்டளையே இன்றும் நாளையும் நிறைவேறிக்கொண்டிருக்கும். ஆகவே, ஓலையைக் கிழிப்பதற்கென்றே கலத்தில் சில நொதியங்கள் உள்ளன. அவற்றை ரைபோநியூக்கிளியேஸ் என்பர். சில ஓலைகள் சில நிமிடங்களிலேயே கிழிபடும். சில நாட்கணக்கில் வாழும். கிழிந்த துண்டுகளும் வீணாவதில்லை. மிலாறு அடுப்புக்குப் பயன்படுவதுபோல, அவையும் புதிய ஓலை எழுதப் பயன்படுகின்றன.

இந்த நொதியங்களுள் ஒன்றைப் பசுவின் கணையத்திலிருந்து பிரித்துப் பளிங்காக்கிக் காட்டினார் மோசஸ் குனிட்ஸ் என்னும் அறிஞர். கொதிநீரில் இட்டாலும் எளிதில் செயலிழக்காத உறுதி அதற்கு உண்டு. நம் தோலிலும் வியர்வையிலும் அதன் இனத்தவை இருக்கின்றன. ஆய்வுகூடத்தில் ஆர்.என்.ஏ.யைக் கையாளுபவர்கள் கையுறையின்றி அதனருகே செல்லாததற்குக் காரணம் இதுவே.

பகைவனை எதிர்க்கவும் இக்கத்தி உதவுகிறது. வைரசு புகுந்த கலத்தில் 'ஆர்.என்.ஏஸ் எல்' என்னும் நொதியம் விழித்தெழுந்து, வைரசின் ஓலையோடு தன் வீட்டு ஓலைகளையும் சேர்த்து வெட்டித் தள்ளும். தீ பரவாதிருக்கத் தன் கூரையையே பிரித்தெறிவது போன்ற செயல் இது. பகைவன் கையிலும் கத்தி உண்டு. இன்புளுவென்சா வைரசு நம் ஓலைகளின் தலைப்பை வெட்டித் திருடித் தன் ஓலைக்குச் சூட்டிக்கொள்கிறது. அந்தக் கத்தியை மழுக்கும் பலொக்சவிர் என்னும் மருந்து 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

இனி, கலத்தின் சொந்தக் கத்தியையே நாம் விரும்பும் ஓலையின்மேல் ஏவ முடியுமா? இதற்கு வழி திறந்தது 1998இல் அன்ட்ரூ பையரும் கிரெய்க் மெலோவும் வெளியிட்ட கண்டுபிடிப்பு. இரட்டை இழை ஆர்.என்.ஏ. உட்புகுந்தால், அதற்கு ஒத்த ஓலை அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். 2006இல் நோபல் பரிசும் பெற்றனர். இரட்டை இழையைச் சிறு துண்டுகளாக நறுக்குவது டைசர் என்னும் நொதியம். அத்துண்டின் ஓர் இழையை வழிகாட்டியாகக் கொண்டு, ஒத்த ஓலையைத் தேடி வெட்டுவது ஆர்கோநாட்.

கேட்பதற்கு எளிது, செய்வதோ அரிது. அத்தகைய சிறு துண்டை மருந்தாக ஊசியில் ஏற்றினால், இரத்தத்திலுள்ள நொதியங்கள் அதை வழியிலேயே சிதைத்துவிடும். வெட்டச் சொல்லி அனுப்பிய தூதனே வெட்டுண்டு மாய்வான்!

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் ஒரு தமிழர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற இரசாயனவியலாளர் முத்தையா மனோகரன். 2003இல் அவர் அல்நைலம் என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையில் தொங்கும் ஓர் ஐதரொட்சைல் கூட்டத்தைப் பிடியாகக் கொண்டே பல நொதியங்கள் வெட்டுகின்றன. அப்பிடியை நீக்கிப் புளோரீன் முதலியவற்றை வைத்தால் கத்தி வழுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் மாற்றினால் ஆர்கோநாட்டும் அதை ஏற்க மறுக்கும். எங்கே மாற்றுவது, எங்கே விடுவது என்று அறிவதே கலை. அவரும் உடனுழைத்தவர்களும் அதைக் கண்டனர். துண்டின் முனையில் மூன்று சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்து, ஈரற் கலம் தானே அதை உள்வாங்கும்படியும் செய்தனர்.

2018இல் இவ்வகையின் முதல் மருந்து பட்டிசிரான் அனுமதி பெற்றது. பிழைபட்ட புரதம் நரம்பிலும் இதயத்திலும் படிந்து ஆளை முடக்கும் பரம்பரை நோய்க்கான மருந்து அது. அதன்பின் வந்த இன்கிளிசிரான், தீய கொழுப்பைக் குறைப்பது. தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆண்டுக்கு இருமுறை போட்டாற் போதும்.

ஆயினும், பட்டிசிரான் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் ஆண்டு விலை ஏறத்தாழ 4,50,000 டொலர்! நாட்கூலியை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இது வெறும் எண். பொருள் விளங்காத எண்.

மதுரை முதலான தமிழகச் சீமைகளிலிருந்து நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்து, இம்மலைகளில் கவ்வாத்துக் கத்தி பிடித்தார்கள். அதே மதுரையிற் கற்ற ஒருவர், கண்ணுக்குத் தெரியாத கத்திக்கு வழிகாட்டினார். இரண்டுக்கும் வேண்டியது எங்கே வெட்டுவது என்னும் அறிவே. அவ்வறிவு ராகலைப் பள்ளி மாணவருக்கும் எட்டவேண்டும். அதன் பயன் தோட்டத்து வைத்தியசாலை வாசலிற் காத்திருக்கும் நோயாளிக்கும் கிட்டவேண்டும். வெட்டிய மலை துளிர்ப்பது கொழுந்துக்காக அன்றோ? கொழுந்து எடுத்த கைக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்தால்தான் கவ்வாத்து முழுமை பெறும்.