நிழலில் வாழும் நீர்த்தாவரங்கள்

கல்லூரி ஆய்வுகூடத்திலே நாம் யாவரும் கண்ட சோதனை ஒன்றுண்டு. முகவை நீரில் ஐதரில்லாத் துண்டுகளை இட்டுப் புனலாற் கவிழ்த்து, அதன்மேல் நீர் நிறைந்த சோதனைக்குழாயை நிறுத்துவோம். வெயிலில் வைத்தாற் குமிழிகள் விரைந்தெழும். நிழலுக்கு நகர்த்தினால் அவை தளரும். இருளில் நின்றே போகும். பரீட்சைக்காகப் படித்த இவ்வுண்மை, வீட்டிலோ வகுப்பறையிலோ சிறு மீன்தொட்டி அமைக்க விரும்புவார்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

வன்னியில் மீன்தொட்டியை வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்தல் தகாது. சிறு தொட்டியின் நீர் விரைவிற் சூடேறும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். கண்ணாடியெங்கும் பச்சைப்பாசி படரும். எனவே அறையின் குளிர்ந்த மூலையே தக்க இடம். ஆனால் அங்கே ஒளி எவ்வளவு? நண்பகல் நேர்வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். அறையின் உட்புறத்திலோ சில நூறு லக்ஸே. நமது கண் குறைந்த ஒளிக்குத் தன்னைப் பழக்கிக் கொள்வதால் இப்பெரும் வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. தாவரத்துக்கோ இதுவே வாழ்வும் சாவும்.

தாவரம் ஒளியுள்ளபோது மட்டுமே உணவு ஆக்குகின்றது; சுவாசத்தின் பொருட்டு இரவும் பகலும் அதனைச் செலவிடுகின்றது. வரவு செலவினுங் குறையுமாயின் இலை மஞ்சளித்து அழுகும். அழுகலை உண்ணும் பற்றீரியாக்கள் நீரின் ஒட்சிசனைக் கவரும், அமோனியாவும் பெருகும். செடியைப் பிழைபடத் தேர்ந்தவர் மீனையும் இழப்பர்.

நம்மூர்க் குளத்துச் செடிகளைக் கொண்டுவந்து நடலாமே என்று கேட்போர் உளர். தாமரையும் ஆம்பலும் திறந்த வெளியின் செல்வங்கள். மூலைத்தொட்டி அவற்றுக்குச் சிறை. ஔவையார் மூதுரையில் ஆம்பலோடு சேர்த்துரைத்த கொட்டியோ நம்மை ஏமாற்றவல்லது. கோடையிற் குளம் வற்றினும் மண்ணுள் உயிர்தாங்கி, மாரி பிறந்ததும் தளிர்க்க உதவுவது அதன் கிழங்கு. அக்கிழங்கின் மாப்பொருள் உள்ளவரை இருண்ட தொட்டியிலும் அழகாகத் தளிர்க்கும். சேமிப்புத் தீர்ந்தபின் மெலியும். எனவே முதல் மாத வளர்ச்சியைக் கண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

நிழலுக்கென்றே அமைந்த செடிகள் வேறு. அவற்றுட் சிறந்தன நம் இலங்கைத் தீவுக்கே உரியன என்பது பலர் அறியாதது. சேம்பின் குடும்பத்தைச் சார்ந்த கிரிப்டோகொரைன் இனங்கள் பல, மரநிழல் கவிந்த நீரோடைகளில் வளர்வன. அவற்றுள் வெண்ட்டியை என்னும் இனத்தை ஒல்லாந்தத் தாவரவியலாளர் டி விற் 1958இல் விவரித்தார். மெல்ல வளரும், குறைந்த ஒளியிலும், வன்னிக் கிணறுகள் பலவற்றிற் காணப்படும் வன்னீரிலும் நிலைக்கும். இடம் மாற்றி நட்டதும் இலைகளைக் கொட்டிவிடுதல் இதன் இயல்பு. பட்டுவிட்டதென்று பிடுங்கற்க, வேர் இருப்பின் சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். இக்குலத்தின் மிகச் சிறிய இனமான பார்வா, சிறு தொட்டிக்கு ஏற்றதெனத் தோன்றினும், ஏனையவற்றினும் கூடிய ஒளியை வேண்டுவது.

யாவாப் பன்னமும் மேற்கு ஆபிரிக்க அனூபியாசும் மற்றிரு நல்ல தேர்வுகள். இவற்றின் கிடைத்தண்டை மணலிற் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலாற் கட்டிவிடல் வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சிறு விளக்கொன்று எரியின் இம்மூன்றுக்கும் போதும். இரண்டு மூன்று செடிகளுடன் தொடங்குதல் நன்று.

இறுதியாக, குளத்தை நம்பி வாழும் நாம் மறக்கலாகாத கடமை ஒன்றுண்டு. தென்னமெரிக்காவில் தோன்றிய ஆற்றுவாழை 1905 அளவில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. அதனைத் தடுக்க 1909இலேயே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் ஆராய்ச்சிக்கெனக் கொணரப்பட்டது. பின்னர் குளங்களையும் வயல்களையும் மூடிப் பரந்தது. நம் கிரிப்டோகொரைன் பெக்கெற்றியையோ அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கோசு ஆற்றிற் களையாகி, 1990களில் அங்குள்ளோர்க்குக் கவலை தந்தது. தன் நாட்டில் அருகிவரும் செடி பிறநாட்டிற் பகையாயிற்று!

ஆகவே காட்டோடைகளிற் செடி பிடுங்காது, வளர்த்து விற்போரிடமே வாங்குக. வெட்டிக் கழித்தவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாது, வெயிலில் நன்கு உலர்த்தி மண்ணிற் புதைத்துவிடுக. தொட்டியிற் பச்சை வளர்க்கும் ஆசை, ஊர்க் குளத்துக்குக் கேடாகாதிருத்தல் வேண்டும்.