வகுப்பறையில் வலிப்பு நோய்

காக்கை வலிப்பு என்றதும் இரும்புத் திறப்பைத் தேடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். புகழை மட்டும் இரும்பு தட்டிக்கொள்கிறது!

பிள்ளை விழுந்தால் மேசை வாங்குகளை அகற்றி, ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தல் வேண்டும். கைகால்களை அழுத்திப் பிடித்தலும், வாயினுட் கரண்டியைச் செருகுதலும் கூடா. நாவை விழுங்கிவிடும் என்பது வீண் அச்சம். பல் உடைவதோ மெய். 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின், 1990 என்னும் எண்ணுக்கு அறிவித்து அம்புலன்ஸ் வண்டியை அழைத்தல் வேண்டும்.

எம்மைப் பெரிதும் வருத்துவது வேறொன்று. வீழ்ச்சியும் நடுக்கமும் இன்றி, சில விநாடிகள் பிள்ளை வெறித்துப் பார்த்தபடி இருந்துவிடும் வலிப்பும் உண்டு. அழைத்தால் மறுமொழி வராது. மீண்டதும் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும். இடையில் ஆசிரியர் கூறியது அதற்கு எட்டியிராது. நாளொன்றிற் பன்முறை இங்ஙனம் நிகழ்தலும் கூடும். 'பராக்குப் பார்க்கிறான்' என்று வாங்கின்மேல் ஏற்றப்பெற்றோருள் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேரோ!

பெண்பிள்ளையாயின் நாளைய சம்பந்தம் தடைப்படுமே என்று பெற்றோர் நோயை மறைக்கின்றனர். அவ்வச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும், மாத்திரை தவறிய நாளும் உறக்கம் குறைந்த இரவும் வலிப்பைத் தூண்டுவன. சோதனைக் காலத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வருகின்றன. வகுப்பாசிரியரிடமாவது மருந்தின் பெயரையும் வேளையையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஊருக்குப் பறைசாற்ற வேண்டுவதில்லை. ஒழுங்காக மருந்துண்டால், வலிப்புடையோரில் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டிலிருந்தும் அப்பிள்ளையை விலக்கிவைத்தல் தகாது. குளத்திலும் கிணற்றடியிலும் மட்டும் தனியே விடாதிருந்தாற் போதும்.