நாலு குமிழ், நாலு பர்னர்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நாலு பர்னர் காஸ் அடுப்பு வாங்கி ஒரு வருஷம் ஆகியும், பின்னால் பால் பொங்கும்போது கை முன்னால் இருக்கும் பர்னரைத்தான் அணைக்கிறதாம். "கவனம் போதாது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் குறைகிறதா?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. கோளாறு அடுப்பில்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேய்த்து நொறுங்கின. இறக்கையின் ஃப்ளாப்பை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கியிருப்பார். 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்கும் உரிய பிடிகள் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் குட்டி ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். என் அம்மா பீரோ சாவியில் நூல் சுற்றி வைத்திருப்பார். கரண்ட் போனாலும் கொத்திலிருந்து விரல் அதை எடுத்துவிடும். அதே வித்தைதான். சக்கர வடிவப் பிடி இன்றைய பயணிகள் விமானங்களிலும் இருக்கிறது.

இதே சப்பானிஸ் 1959இல் லிண்டன்பாம் என்பவருடன் சேர்ந்து அடுப்பைக் கையில் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. பர்னர்கள் சதுரமாக இருக்கின்றன, குமிழ்களோ ஒரே வரிசையில். இடமா வலமா என்பது கைக்குத் தெரிந்துவிடும். முன்னா பின்னா என்பதைச் சொல்ல அந்த வரிசையில் எதுவுமே இல்லை. நாலு குமிழை நாலு பர்னரோடு 24 விதமாக இணைக்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி இணைக்கிறது.

அவர்கள் நாலு வகை மாதிரி அடுப்புகளைச் சோதித்தார்கள். மூன்றில் சதுர அமைப்பு; நூற்றுக்கு 6 முதல் 11 முறை தவறான குமிழுக்குக் கை போனது. நான்காவதில் பின் பர்னர்களைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்திருந்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் நாலும் இடமிருந்து வலமாக, குமிழ்கள் இருக்கும் அதே வரிசையில் தெரியும். 1,200 முறை சோதித்தும் அதில் ஒரு பிழைகூட இல்லை.

ஒரு சாண் இடமாற்றம்கூட இல்லை இது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் கடைகளில் கண்ணாடி மேல்தட்டும் பூ டிசைனும்தான் மாறுகின்றன. குமிழுக்கடியில் நாலு புள்ளி அச்சடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். பால் பொங்கி வரும்போது யார் குனிந்து புள்ளியை எண்ணுவார்கள்? தேய்த்துத் துடைக்கத் துடைக்க அதுவும் அழிந்துவிடும். பழி மட்டும் சமைப்பவர் தலையில். இது அநியாயம்.

இப்போதைக்கு, பின் பர்னர்களுக்குரிய இரண்டு குமிழ்களிலும் சிவப்பு நகப்பூச்சால் பெரிய பொட்டு வையுங்கள். அடுத்த அடுப்பு வாங்கும்போது கடைக்காரரிடம் எதுவும் கேட்காமல் அதன் முன்னால் நின்று, பின் இடது பர்னருக்கு எந்தக் குமிழ் என்று பாருங்கள். யோசிக்க வேண்டியிருந்தால் அடுத்த மாடலுக்கு நகருங்கள்.