வாயும் உடலும் வேறல்ல

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நேரம். நோயின் கடுமையால் தளர்ந்து, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சாய்ந்திருந்தார்கள். அப்போது அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சியுடன் உள்ளே வந்தார்கள். அண்ணலாரின் பார்வை அக்குச்சியின் மீது படிந்தது. குறிப்பறிந்த அன்னையவர்கள் அதனை வாங்கி மிருதுவாக்கிக் கொடுக்க, பெருமானார் அதனால் நன்றாகப் பல் துலக்கினார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது.

அன்பர்களே! உடல் நலமுடன் இருக்கையில் பல் துலக்குவது எவருக்கும் எளிது. நோயுற்ற வேளையில் வாயைப் பேணுபவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால், வாய்க்கு மிகுந்த கவனம் தேவைப்படுவது அந்த வேளையில்தான்.

முதலில் நீரிழிவை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. ஈறு வீங்குகிறது; இரத்தம் கசிகிறது. கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆட்டம் காண்கிறது. "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, பல் விழத்தானே செய்யும்" என்று வீட்டார் சொல்லிக்கொள்கிறார்கள். பல வீடுகளில் அது முதுமையன்று. அடங்காத சர்க்கரையின் அடையாளம். அது மட்டுமா? ஈற்றில் நீடிக்கும் அழற்சி இன்சுலினின் வேலையைத் தடுத்து, சர்க்கரையை மேலும் ஏற்றிவிடுகிறது. ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை பெற்றால், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் ஓரளவு எளிதாகிறது.

அடுத்து உமிழ்நீர். இறைவன் நம் வாயிலேயே அமைத்துத் தந்த நீரூற்று அது. உணவுத் துணுக்குகளைக் கழுவி, அமிலத்தைத் தணித்து, பல்லின் மேற்பூச்சைக் காக்கிறது. இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் சில இந்த ஊற்றை வற்றச் செய்கின்றன. வாய் வறண்டால் பற்சொத்தை விரைந்து பரவும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. மருத்துவரிடம் சொல்லி வழி கேட்பதே முறை.

நோய் நம்மைக் கேட்டு வருவதில்லை. பழக்கமோ நாமே கூட்டி வருவது. விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டுவது நம் வீடுகளில் மரியாதையாகக் கருதப்படுகிறது. புகையிலை சேர்த்தால்தான் தீங்கு, வெறும் பாக்கினால் ஒன்றுமில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனத் தெளிவாக அறிவித்துள்ளது. பாக்கினால் கன்னத்தின் உட்சதை இறுகி, நாளடைவில் வாயைத் திறக்கவே இயலாத நிலையும் வருவதுண்டு. திருக்குர்ஆன் ஓதும் நாவும், ஸலாம் சொல்லும் வாயும் அந்நிலையை அடையலாமா?

பீடியும் சிகரெட்டும் செய்யும் கேடு இன்னும் சூழ்ச்சியானது. புகை ஈற்றின் இரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால், நோயுற்ற ஈற்றிலிருந்தும் இரத்தம் அதிகம் வருவதில்லை. எச்சரிக்கை மணி ஒலிக்காததால், தம் ஈறு உறுதியாயிருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மை தெரியும்போது பல் கைக்கு வந்துவிடுகிறது.

தம் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். மிஸ்வாக் ஒரு கையிலும் புகையிலைப் பொட்டலம் மறு கையிலுமாக இருந்தால் அந்த ஸுன்னத்தின் நோக்கம் நிறைவேறுமா? உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். வாய் அதன் வாசல். வாசலை மட்டும் கழுவிவிட்டு வீட்டைக் கவனியாதிருப்பதும், வீட்டைப் பேணிவிட்டு வாசலை மறப்பதும் ஒன்றே.

ரமலானிலும் இதனை மறவாதீர்கள். ஸஹர் உணவு முடிந்ததும் பல் துலக்கி விடுங்கள். இஃப்தாருக்குப் பின் ஸஹர் வரை போதிய தண்ணீர் அருந்துங்கள். இனிப்பை அளவோடு கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

இன்று ஜும்ஆவுக்காகப் பல் துலக்கும்போது ஒரு நிமிடம் கண்ணாடியில் வாயைத் திறந்து பாருங்கள். ஈற்றில் இரத்தக் கசிவு, கன்னத்தில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலம் தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர் வயதான உம்மாவிடமும் வாப்பாவிடமும், "வாயில் வலி ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்பது நம் கடமை.

நோயிலும் தூய்மை பேணிய அண்ணலாரின் வழியில் நடக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!