வீட்டு விற்பனை கூகுளுக்கு முன்கூட்டியே தெரிவது எப்படி?

வீடு வாங்க நினைப்பவர் இன்று முதலில் தேடுவது இணையத்தில். பத்திரம் பதிவாக மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் தேடல் தரவின் மதிப்பே இருக்கிறது. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் லின் வூ, எரிக் பிரின்யோல்ஃப்சன் இருவரும் மாநிலவாரியாகக் கூகுள் தேடல்களை ஆராய்ந்து வீட்டு விற்பனையைக் கணித்தார்கள். அந்நாட்டு வீட்டு விற்பனை முகவர்கள் (ரியல்ட்டர்கள்) சங்க நிபுணர்களின் கணிப்பைவிட இவர்கள் கணிப்பில் பிழை 23.6% குறைவு!

ஆனால் தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் சேவையில் தெரியும் 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. மொத்தத் தேடல்களில் அச்சொல்லின் பங்கு உச்சம் தொட்ட இடமே 100. 50 என்றால் அதில் பாதி. ஆகவே சிற்றூரின் 100-க்குப் பின்னால், பெருநகரின் 40-ஐவிடக் குறைவான ஆட்களே இருக்கலாம். இதைப் பார்க்காமல் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டுவது வீண். தேடலின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும்: ‘வீட்டுக்கடன் வட்டி’ தேடல் ஏறினால் வாங்கும் ஆசையா, தவணைக் கவலையா? உடன் தேடப்பட்ட சொற்களைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.