ஓட்டமும் நீச்சலும்

நீலகிரியின் அடிவாரத்தில், பவானி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் மேட்டுப்பாளையம். இங்கிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. கல்லாறு வரை அது ஏனைய இரயில்களைப் போலவே உருண்டு செல்லும். அதன்பின் ஏற்றம் கடுமையாதலின், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்லுடைய இரும்புச் சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறும். எஞ்சின் ஒன்றே, இயங்கும் முறை இரண்டு. மனித உடலும் அத்தகையதே. இதயம் ஒன்று, அதற்கு உழைப்புத் தரும் வழிகள் பல. அவற்றுள் ஓட்டமும் நீச்சலும் ஒன்றற்கொன்று துணையாவன.

காலையில் ஓடிப் பழகுவோர் இந்நாளில் பலர். கோவை மாரத்தான் 2013ஆம் ஆண்டில் முதன்முறையாக நடைபெற்றது. ஓட்டம் இதயத்தை வலுப்படுத்தும், எலும்புக்கு உரமூட்டும். ஆயினும், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. ஓய்வின்றி நாள்தோறும் ஓடினால் முழங்காலும் கணைக்காலும் நோவெடுக்கும். நோவைப் பொருட்படுத்தாது ஓடினால் நோவு முற்றும். ஓட்டத்தை அறவே விடுத்தால், சில வாரங்களிலேயே பெற்ற ஆற்றல் குறையும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நல்வழி நீச்சல்.

கழுத்தளவு நீரில் நிற்பவனின் கால்கள் அவன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே தாங்குகின்றன. எஞ்சியதை நீரின் மிதப்பாற்றல் தாங்குகிறது. நீரோ காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. அதனைத் தள்ளி முன்னேறத் தோள், மார்பு, முதுகு ஆகியவை உழைக்கின்றன. எனவே, கால்கள் அதிர்ச்சியினின்று நீங்கியிருக்க, இதயமும் நுரையீரலும் பயிற்சி பெறுகின்றன.

பல கல் தொலைவு ஓட வல்லவரும் நீச்சற்குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்வதற்குள் இளைத்துப் போவதுண்டு. மூச்சை அடக்குவதே அதற்குக் காரணம். முகம் நீருள் இருக்கும்போது மூச்சை மெல்ல வெளிவிடல் வேண்டும்; பின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளிழுத்தல் வேண்டும். தலையை உயர்த்தினால் கால்கள் தாழும். தொடக்கத்தில் 25 மீட்டர் நீந்திச் சற்றே இளைப்பாறி, மீண்டும் நீந்துக. வாரத்தில் இரண்டு நாள் போதும். எனினும், எலும்புக்கு ஓட்டம் தரும் உரத்தை நீச்சல் தாராது. ஆதலின் இரண்டும் வேண்டும். நீங்காத நோவுடையோர் மருத்துவரை நாடுதல் கடன்.

'ஆறு அருகிருக்கக் குளம் எதற்கு?' எனச் சிலர் வினவலாம். பவானியின் மேற்பரப்பு அமைதியாய்த் தோன்றும். மேலே பில்லூர் அணையில் நீர் திறக்கப்படின், வெள்ளம் திடீரென உயரும். நீந்தத் தெரிந்தோரும் அதில் உயிரிழந்ததுண்டு. ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டில், தம் பன்னிரண்டாம் வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவரும் ஆசானிடம் பயின்று, படகு துணைவர நீந்தியவரே. ஆகவே, ஆழம் அறிந்த குளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் நீந்திப் பழகுவதே அறிவுடைமை.

நீர் உடலைத் தாங்கும். தன்னை அறியாது இறங்குவோரைத் தாங்காது. இதனை உணர்ந்து நீந்துவோர், நோவின்றி நெடுங்காலம் ஓடி மகிழ்வர்.