விடைபெறும் விருந்தாளிகள்!

வருகிறவர்களை வரவேற்க எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். போகிறவர்களை வழியனுப்பத்தான் ஆள் இருக்காது. பறவைகளின் கதையும் அதுதான்!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையோடு சேர்ந்து வெளிநாட்டுப் பறவைகள் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பங்குனி, சித்திரையில் அவை ஊர் திரும்புகின்றன. அதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே.

ஆனால் இந்தப் புறப்பாடுதான் பார்க்க வேண்டிய அதிசயம்!

கடல் முனையில் ஒரு சத்திரம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது கோடியக்கரை. தெற்கு நோக்கி வரும் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் பாக் நீரிணை. கரையில் காடு. அதற்கு மேற்கே பரந்த சேற்று நிலமும் உப்பளங்களும் இருக்கின்றன.

மனிதனுக்கு அது வெறும் சேறு. பறவைகளுக்கோ அது அன்ன சத்திரம்! புழுக்களும், சிறு நத்தைகளும், பூச்சிகளின் புழுப்பருவங்களும் அங்கே ஏராளம்.

1967-ம் ஆண்டு கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் உலகின் முக்கியமான ஈர நிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன? எங்கே போகின்றன? இதை அறிய, பறவை நிபுணர் டாக்டர் சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. பறவையை வலையில் பிடிப்பார்கள். காலில் எண் பொறித்த சிறு வளையத்தை மாட்டுவார்கள். பிறகு பறக்க விட்டுவிடுவார்கள். அதே பறவை வேறொரு தேசத்தில் அகப்பட்டால், அதன் பாதை தெரிந்துவிடும். கோடியக்கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் இப்படி வளையம் பூண்டன.

உடை மாற்றும் உள்ளான்

அங்கே வரும் பறவைகளில் ஒன்று வளைமூக்கு உள்ளான். மைனாவை விடச் சற்றுச் சிறியது. மூக்கு நீண்டு, நுனியில் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மார்கழியில் பார்த்தால் முதுகு சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. கண்ணைக் கவராத எளிய பறவை.

பங்குனியில் பாருங்கள்! மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் படரத் தொடங்கும். சித்திரைக்குள் சில பறவைகள் முழுச் சிவப்பாகிவிடும். கல்யாணத்துக்குப் புறப்படும் கோலம் அது!

கல்யாணம் நடக்கும் இடம் ரஷ்யாவின் வடகோடி. பனி சூழ்ந்த தைமிர் தீபகற்பமும் அதை ஒட்டிய சைபீரியக் கரையும்தான் இந்த இனம் முட்டையிடும் இடம். கோடியக்கரையிலிருந்து நேராக அளந்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர்!

கட்டுச்சோறு எங்கே?

நெடுந்தூரம் போகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வார். பறவைக்கு அதன் உடம்பே பாத்திரம். புறப்படுவதற்கு முந்திய சில வாரங்களில் அது இடைவிடாமல் மேயும். தின்றதெல்லாம் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேரும். நெடும் பிரயாணம் செய்யும் கரைப்பறவைகளில் சில, தங்கள் எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருத்துவிடுகின்றன.

இன்னும் ஒரு விந்தை உண்டு. சில கரைப்பறவைகளுக்குப் பறக்கும் நாள் நெருங்கியதும் வயிறும் குடலும் சுருங்குகின்றன. வீண் சுமை வேண்டாம் அல்லவா?

ஆகவேதான் பங்குனி மாதத்துச் சாப்பாடு பறவைக்கு உயிர். மேய்கிற கூட்டத்தை ஒரு நாய் துரத்தினாலும், ஒரு சிறுவன் கல்லெறிந்து கலைத்தாலும், படம் பிடிப்பவர் ஓடிப்போய் எழுப்பினாலும் நஷ்டம்தான். பயந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. கட்டுச்சோறு குறைந்தால் வழியில் என்ன செய்யும்?

பனி அவசரப்படுகிறது

ஊர் போய்ச் சேர்ந்தாலும் கவலை தீரவில்லை. வடகோடியில் கோடை மிகக் குறுகியது. பனி உருகியதும் பூச்சிகள் திரளாகக் கிளம்பும். உள்ளான் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில்லை. பொரித்த கொஞ்ச நேரத்திலேயே அது தானே ஓடி இரை தேடும். ஆகவே குஞ்சும் பூச்சியும் ஒரே சமயத்தில் வெளிவர வேண்டும்.

உலகம் சூடேறுவதால் இந்தக் கணக்கு தவறுகிறது. தைமிரில் முட்டையிடும் இன்னொரு வகை உள்ளான், குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறது. அதைப் பற்றிய ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. அங்கே 30 ஆண்டுகளில் பனி உருகும் காலம் இரண்டு வாரத்துக்கும் மேல் முந்திவிட்டது. குஞ்சுகள் இளைத்துச் சிறுத்தன. அவற்றின் மூக்கும் குட்டையாயிற்று. ஆப்பிரிக்கக் கரையில் மணலுக்குள் ஆழத்தில் இருக்கும் சிப்பிகள் அந்த மூக்குக்கு எட்டவில்லை. இளம் பறவைகள் பல மடிந்தன.

வடக்கே பனி முன்கூட்டி உருகினால், தெற்கே பசி! இரண்டு கரைகளும் அவ்வளவு நெருங்கிய உறவு.

உங்கள் வீட்டு வாசலில்

கோடியக்கரைக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. மின்சாரக் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவியைப் பாருங்கள். கவை போல் பிளந்த வாலே அதற்கு அடையாளம். கோடை ஏற ஏற அந்த வரிசை குறையும். ஒரு நாள் கம்பி வெறுமையாகும்.

காலையும் மாலையும் சுமார் ஆறு மணிக்குக் கூவும் ஆறுமணிக் குருவியும் இப்படித்தான். கோடையில் அது மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் முட்டையிடப் போய்விடும்.

இப்படி வரும் தேதியையும் போகும் தேதியையும் பொதுமக்களிடமிருந்து திரட்டும் திட்டம் ஒன்று இந்தியாவில் 2007-ல் தொடங்கியது. இன்று கைப்பேசியிலேயே அவற்றைப் பதிவு செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய காரியம் இது.

ஒரு சங்கதி மட்டும் நினைவிருக்கட்டும். முதலில் பார்த்த நாள் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசியாகப் பார்த்த நாளோ, அது கடந்து போன பிறகுதான் தெரியும்! ஆகவே பங்குனி பிறந்ததும் தினமும் குறித்து வைக்க வேண்டும். காலண்டரில் ஒரு சிறு கோடு போட்டால் போதும். கோடுகள் எங்கே நிற்கின்றனவோ, அன்றுதான் விருந்தாளி விடைபெற்ற நாள்.